பிறைவெட்டின் சாட்சியம்: நார்வே மாற்றியமைத்த ஒரு ஜெர்மானிய ரைஃபிள்

பழைய இராணுவத் துப்பாக்கிகளை விற்பவர்களின் விவரக்குறிப்பில் மூன்று சொற்கள் சேர்ந்து வந்தால் விலை தானாக ஏறும்: அரியது, போரில் கைப்பற்றப்பட்டது, மாற்றியமைக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் தனியே சரிபார்க்க வேண்டிய கூற்று. ஒரே மூச்சில் சொல்லப்படும்போதோ, வாங்குகிறவர் ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு விடுகிறார். கைப்பற்றப்பட்டது என்பதால் அரியதாகத்தான் இருக்கும், மாற்றப்பட்டிருப்பதால் கைப்பற்றப்பட்டதாகத்தான் இருக்கும் என்று மனம் தாவுகிறது. இந்தத் தாவலை நிறுத்தி, துப்பாக்கியின் எஃகையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்பதுதான் இவ்வாய்வின் வேலை.

எடுத்துக்கொண்ட பொருள் கராபினர் 98 குர்ட்ஸ், சுருக்கமாகக் கே98கே எனப்படும் ஜெர்மானிய மௌசர் ரைஃபிள். ஜெர்மனி 1935-இல் ஏற்று, 1945 வரை 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேலாகச் செய்து குவித்த துப்பாக்கி இது. ஆகவே கே98கே என்ற பெயரளவில் இதில் அருமை எதுவும் இல்லை. அவற்றில் ஒரு பகுதி நார்வேயில் ஜெர்மானியப் படையின் கையிலிருந்து நார்வே அரசின் கைக்கு மாறி, புதுக் குழல் பொருத்தப்பட்டு, அமெரிக்கத் தோட்டாவைச் சுடும்படி திருத்தப்பட்டு, இன்னொரு நாட்டின் படைமுத்திரையோடு மேலும் சில பத்தாண்டுகள் பணியாற்றியது. சேகரிப்பாளர் சந்தைக்கு வருவது அந்தப் பகுதியே. அதன் இடப்பக்கத்தில் நார்வே மொழியில் தரைப்படையைக் குறிக்கும் ‘ஹேர்’ என்ற சொல்லும் ஒரு தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். மேல்புறத்தில் ஜெர்மானிய ஆலையின் குறியீடும் ஆண்டும் அப்படியே நிற்கும். இரண்டு அரசுகளின் முத்திரை ஒரே எஃகுத் துண்டில் விரற்கடை இடைவெளியில் இருப்பதுதான் இதன் கவர்ச்சி. குழப்பங்கள் பலவற்றுக்கும் அதுவே ஊற்று.

கைப்பற்றப்பட்டது என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். விற்பனை விவரத்தில் இச்சொல்லைப் படிப்பவர் மனத்தில் பனிமலைச் சரிவில் எதிரியிடமிருந்து பறித்த துப்பாக்கி என்ற சித்திரம் எழும். நடந்தது வேறு. ஜெர்மனி 1940 ஏப்ரல் 9 அன்று நார்வே மீது படையெடுத்தது; 62 நாள் எதிர்ப்புக்குப் பின் ஜூன் 10 அன்று நார்வேயின் தரைப்படை பணிந்தது. அன்று ஆயுதங்கள் கைமாறிய திசையும் எதிர்த்திசைதான். நார்வேயின் கிராக்-யோர்கென்சென் ரைஃபிள்களும், கோங்ஸ்பெர்க் அரசு ஆலை உரிமம் பெற்றுச் செய்துவந்த 11.25 மி.மீ. கோல்ட் வகைக் கைத்துப்பாக்கிகளும் ஜெர்மானியர் வசமாயின. ஜெர்மானியப் படை அயல்நாட்டு ஆயுதங்களுக்கெனத் தனி எண்வரிசை வைத்திருந்தது. எந்த நாட்டுப் பொருள் என்பதை எண்ணுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு சிற்றெழுத்து காட்டும். கோங்ஸ்பெர்க் கைத்துப்பாக்கி அவர்களுடைய பதிவேட்டில் 657 என்ற எண்ணோடும் நார்வேயைக் குறிக்கும் ‘என்’ எழுத்தோடும் ஏறியது. ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த ஆலை அதைச் செய்துகொண்டிருந்தது. 1945-இல் செய்யப்பட்டவற்றில் ஜெர்மானியக் கழுகு முத்திரையே இருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்துத் திசை திரும்பியது. 1945 மே 8 அன்று ஜெர்மனி சரணடைந்தபோது நார்வேயில் 3,50,000-க்கும் மேற்பட்ட ஜெர்மானியப் படையினர் பெரும்பாலும் தோல்வியே காணாத நிலையில், முழு ஆயுதங்களோடு இருந்தார்கள். ஜெனரல் பிரான்ஸ் பேமேயின் கீழிருந்த அப்படை மேலிடத்து ஆணைக்குப் பணிந்து ஆயுதங்களைக் கீழே வைத்தது. உள்நாட்டு எதிர்ப்பியக்கமான மிலோர்க்கின் ஏறத்தாழ 40,000 பேரும், சுவீடனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய நார்வேப் போலீஸ் படையும், நேசநாட்டு அதிகாரிகளும் சேர்ந்து அப்பெரும்படையின் கையிலிருந்ததை எண்ணி வாங்கிக் குவித்தார்கள். ஆகவே துல்லியமாகச் சொல்வதானால் இத்துப்பாக்கிகள் களத்தில் பறிக்கப்பட்டவை அல்ல, ஒப்படைக்கப்பட்டவை. சட்டப்படி இரண்டும் ஒன்றே, ஏனெனில் தோற்ற அரசின் போர்த்தளவாடம் வென்ற அரசுக்குச் சொந்தமாகிறது. சேகரிப்பாளருக்கு மட்டும் இந்த வேறுபாடு முக்கியம். அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் தன் படைத்தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழோடு வீட்டுக்கு எடுத்துச்சென்ற நினைவுப்பொருளுக்கும், ஓர் அரசு பண்டகசாலையில் சேர்த்துப் பதிவேட்டில் ஏற்றிப் புது எண் கொடுத்த ஆயுதத்துக்கும் வரலாறு வேறு, ஆவணம் வேறு. நார்வே எண்ணுள்ள ரைஃபிளோடு சிப்பாயின் சான்றிதழையும் சேர்த்து ஒருவர் நீட்டினால், அந்த இரண்டில் ஒன்றாவது பொருந்தாத பொருள் என்றே முதலில் கருத வேண்டும்.

நார்வே ஏன் இவற்றை உருக்கிவிடாமல் வைத்துக்கொண்டது என்பதற்கு விடை எளிது: கையில் வேறு இல்லை. ஏன் மாற்றியமைத்தது என்பதுதான் சுவையான கேள்வி. விடுதலை பெற்ற நார்வேயின் பண்டகசாலையில் பல நாட்டுத் தோட்டாக்கள் கலந்து கிடந்தன. போருக்கு முந்தைய கிராக்கும், சுவீடனிலிருந்து வந்த மௌசரும் 6.5 மி.மீ. தோட்டா கேட்டன. ஸ்காட்லாந்தில் பயிற்சி பெற்ற நாடுகடந்த படை பிரிட்டனின் .303 தோட்டாவோடு திரும்பியிருந்தது. ஜெர்மானியர் விட்டுச்சென்றவை 7.92 மி.மீ. கேட்டன. 1949 ஏப்ரலில் நேட்டோ உடன்படிக்கையில் நார்வே கையொப்பமிட, அமெரிக்க இராணுவ உதவித் திட்டத்தின் வழியாக எம்1 காரண்டு ரைஃபிள்களும் அவற்றுக்கான .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவும் வந்து சேர்ந்தன. ஒரு சிறிய நாட்டின் படைக்குத் துப்பாக்கிப் பற்றாக்குறையைவிடத் தோட்டாக் கலப்பு பெரிய தலைவலி. தப்பான பெட்டி தப்பான முகாமுக்குப் போனால் அந்த முகாமில் உள்ள துப்பாக்கிகள் அத்தனையும் வெறும் தடி. எனவே இனி வரவிருக்கும் தோட்டா எதுவோ அதற்கு இருக்கும் துப்பாக்கிகளைத் திருப்புவது என்று முடிவாயிற்று. 1950-களில் கோங்ஸ்பெர்க் ஆலை இவ்வேலையில் இறங்கியது. 1814-இல் நிறுவப்பட்ட பழைய ஆலை அது.

இனி எஃகின் கணக்கு. தோட்டாவின் பித்தளை உறையைப் பிடித்து வெளியே இழுப்பது போல்ட். அதன் முகத்தில் உறையின் அடிப்பாகம் கச்சிதமாக உட்கார வேண்டும். ஜெர்மானியத் தோட்டாவான 7.92×57-இன் (57 என்பது மி.மீ. அளவில் உறையின் நீளம்) அடி விளிம்பு 11.95 மி.மீ.; .30-06-இன் அடி விளிம்பு 12 மி.மீ.-ஐ ஒட்டியது. அதாவது இரண்டும் ஒன்றே. இது தற்செயல் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா தன் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளை வடித்தபோது மௌசரைப் பார்த்தே வடித்தது. காப்புரிமைக்காக மௌசர் நிறுவனத்துக்கு 2,00,000 டாலர் வரம்புக்குள் ஒரு துப்பாக்கிக்கு 75 சென்ட் வீதம் கட்டவும் ஒப்புக்கொண்டது. ஆகையால் அரை நூற்றாண்டு கழித்து ஒரு ஜெர்மானிய போல்ட் அமெரிக்கத் தோட்டாவைத் தயக்கமின்றிப் பிடித்துக்கொண்டது. தாய்வீட்டுக்கு வந்த பேத்தியைப் போல என்று வேண்டுமானால் சொல்லலாம். போல்ட்டைத் தொட வேண்டியதில்லை என்பதே இம்மாற்றத்தைச் செலவுக்கு ஏற்றதாக்கியது.

குழலைக் காப்பாற்ற முடியவில்லை. ஜெர்மானியக் குண்டின் விட்டம் ஏறத்தாழ 8.2 மி.மீ., அமெரிக்கக் குண்டினது 7.8 மி.மீ. சிறிய துளையைப் பெரிதாகக் குடையலாம்; பெரிய துளையைச் சிறிதாக்க வழியில்லை. ஆகவே ஜெர்மானியக் குழல் கழற்றப்பட்டுப் புதிய குழல் திருகப்பட்டது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தாலே பல விற்பனைக் கதைகள் உதிர்ந்துவிடும். .30-06 சுடும் நார்வே மௌசரில் ஜெர்மானியக் குழல் இருக்க முடியாது. “குழல் உள்பட அனைத்தும் போர்க்கால ஜெர்மானியப் பாகங்கள்” என்று விவரக்குறிப்பு சொன்னால், ஒன்று அது மாற்றியமைக்கப்பட்ட துப்பாக்கி அல்ல, அல்லது யாரோ பின்னாளில் குழலை மறுபடி மாற்றியிருக்கிறார்கள்.

அப்படி மாற்றியிருக்கிறார்களா என்பதைக் காட்டிக்கொடுப்பது நீளம். முழுத் தோட்டாவாக அளந்தால் 7.92×57 அதிகபட்சம் 82 மி.மீ.; .30-06 ஏறத்தாழ 84.8 மி.மீ. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு நெல்லின் அகலம். ஆனால் அந்த நெல்லளவு போதும். கே98கே-யில் ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டுச் செருகியில் கோத்து, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். நீளமான தோட்டாவின் நுனி, குழல் திருகியிருக்கும் முன்வளையத்தின் பின்விளிம்பில் முட்டும். ஆகவே நார்வே ஆலைக்காரர்கள் அவ்விளிம்பின் நடுவே ஒரு சிறு அரைவட்டத்தை வெட்டி எடுத்தார்கள். துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, போல்ட்டைக் கழற்றிவிட்டு, சுட்டுவிரலை ஆலைக்குறியீட்டுக்கு மேலிருந்து பின்னோக்கி நகர்த்தினால், வளையம் முடியும் இடத்தில் விரல்நுனி ஒரு குழிவில் இறங்கும். மூன்றாம் பிறையைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வெட்டு. போர்க்கால ஜெர்மானிய ரைஃபிளில் அந்த இடம் நேர்க்கோடாக இருக்கும்.

இந்தப் பிறைவெட்டுதான் இவ்வாய்வின் தலைமைச் சாட்சி. முத்திரையைப் போலியாக அடிக்கலாம், துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையை மாற்றலாம், குழலையும் மாற்றலாம். வெட்டிய எஃகை ஒட்டவைக்க முடியாது. பற்றவைத்து நிரப்ப முயன்றவர்கள் உண்டு. ஆனால் அந்த வளையம்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பகுதி. அதன் எஃகு குறிப்பிட்ட வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. பற்றுவைப்பின் சூடு அப்பதத்தைக் குலைத்துவிடும். அப்படி ‘அழகுபடுத்திய’ துப்பாக்கியைச் சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது.

ஏன் ஒருவர் அதை நிரப்ப வேண்டும் என்று கேட்கலாம். காரணம் சந்தை. ஜெர்மானியப் படை வைத்திருந்த நிலையிலேயே, எல்லாப் பாகங்களின் எண்ணும் பொருந்தி நிற்கும் கே98கே-க்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை, அயல்நாடு மாற்றியமைத்ததற்குக் கொடுப்பதைவிடக் கணிசமாகக் கூடுதல். எனவே நார்வே ரைஃபிளை வாங்கி, பழைய 7.92 குழலைத் தேடித் திருகி, ஜெர்மானியக் கட்டையைப் போர்த்தி, ‘மீட்டெடுத்தது’ என்று விற்கும் பழக்கம் தோன்றியது. மீட்டெடுப்பு என்ற சொல் இங்கே தவறாகப் பயன்படுகிறது என்பது என் கருத்து. கோயில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசி, சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஜெர்மானியப் பணியில் அந்தத் துப்பாக்கி இருந்தது அதிகம் போனால் பத்தாண்டு. நார்வேயின் பணியில் அதைவிட நெடுங்காலம். நீண்ட வாழ்க்கையை அழித்துக் குறுகிய வாழ்க்கைக்கு வேடம் கட்டுகிறார்கள்.

முத்திரைகளை வாசிப்பது தனிப் படிப்பு. ஜெர்மானிய அடுக்கு முதலில். முன்வளையத்தின் மேல் ஆலைக் குறியீடு இருக்கும்: ‘பி-ஒய்-எஃப்’ என்றால் ஓபர்ண்டார்ஃபிலுள்ள மௌசர், ‘ஏ-ஆர்’ என்றால் பெர்லின் மௌசர், ‘பி-என்-இசட்’ என்றால் ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ‘பி-சி-டி’ என்றால் வைமாரின் குஸ்ட்லாஃப், ‘டி-ஓ-டி’ என்றால் ஜெர்மானியர் பிடியிலிருந்த செக் நாட்டின் பிர்னோ. கூடவே ஆண்டு, முதலில் நான்கு இலக்கமாகவும் பின்னர் இரண்டு இலக்கமாகவும் வரும். வளையத்தின் வலப்பக்கத்தில் படைத்தளவாட அலுவலகத்தின் சிறு கழுகுகளும் பரிசோதனை எண்ணும் இருக்கும். ஓபர்ண்டார்ஃபில் போர்க்காலத்தில் 135, ஸ்டெயரில் 623 என்பவை பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். ‘பி-என்-இசட்’ குறியீட்டுக்குப் பக்கத்தில் 135 நின்றால் ஏதோ சரியில்லை. தொடர் எண் 10,000-க்கு ஒரு தொகுதியாக, தொகுதிக்கு ஒரு சிற்றெழுத்தோடு செல்லும். அதன் கடைசி இரண்டு இலக்கம் திருகாணிவரை பல சிறு பாகங்களில் திரும்பத் திரும்ப வரும்.

இக்குறியீடுகளை வெறும் அழகுச் சின்னங்களாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நகர்வது நேர்மை. குஸ்ட்லாஃப் நிறுவனம் புக்கன்வால்ட் வதைமுகாமை ஒட்டியே ஓர் ஆலை நடத்திக் கைதிகளிடம் வேலை வாங்கியது. 1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அதைக் குண்டுவீசி அழித்தன. ஸ்டெயர் நிறுவனம் மௌட்ஹவுசன்-குசென் முகாம் கைதிகளைக் கொண்டு துப்பாக்கிப் பாகங்கள் செய்வித்தது. விற்பனை விவரங்களில் ‘சிறந்த ஜெர்மானிய வேலைப்பாடு’ என்று வரும் இடத்தில் இதை நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது நார்வே அடுக்கு. பெரும்பாலானவற்றில் நார்வேக்காரர்கள் ஜெர்மானியக் குறிகளை முழுதாகத் தேய்த்தெடுக்க மெனக்கெடவில்லை. தங்கள் எண்ணை இடப்பக்கம் புதிதாக அடித்தார்கள், எண்ணுக்கு முன்னால் படைப்பிரிவின் பெயரோடு. ‘ஹேர்’ தரைப்படை, ‘ஃப்ளை’ விமானப்படை, ‘கே.ஆர்ட்’ கடலோரப் பீரங்கிப்படை. ‘ஹெச்வி’ 1946-இல் உருவான ஊர்க்காவல் படையான ஹெய்மெவெர்னெட். அரசு இரயில்வேயைக் குறிக்கும் ‘என்எஸ்பி’ முத்திரை கொண்டவையும் உண்டு. ‘ஹேர்’ என்பதை எழுதும்போது உரோமன் ஏ, ஈ எழுத்துகள் இரண்டும் ஒரே தண்டில் ஒட்டிய நார்வே எழுத்து நடுவில் வரும். உண்மையான முத்திரையில் அது ஒரே அச்சால் ஒரே அடியில் விழுந்தது. இரண்டு எழுத்துகளுக்கு இடையில் மயிரிழை இடைவெளியோ, இரண்டின் ஆழத்தில் வேறுபாடோ தெரிந்தால், அந்த எழுத்து இல்லாத ஒரு நாட்டின் பட்டறையில் இரு அச்சுகளை நெருக்கி அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. பொற்கொல்லர் கையிலிருக்கும் கண்ணாடி வில்லை இங்கேயும் உதவும்.

குழலின் அளவைச் சொல்லும் குறியும் இருக்கும்: ‘கால் 7,62’ என்று, தசமப் புள்ளிக்குப் பதில் ஐரோப்பிய வழக்கப்படி காற்புள்ளியோடு. இது நேர்மையான குறிதான்; ஆனால் ஆபத்தான குறியும்கூட. 7.62 என்பது துளையின் அளவு மட்டுமே. இன்று 7.62 என்று கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 51 மி.மீ. உறை கொண்ட நேட்டோ தோட்டா. இந்த ரைஃபிளின் அறையோ, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழிவோ, 63 மி.மீ. உறைக்குக் குடையப்பட்டது. குட்டையான நேட்டோ தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால் உறை முன்புறம் தாங்கலின்றி வீங்கி வெடிக்கலாம். அதைவிடக் கொடியது அடுத்த தவறு. மேலே ஜெர்மானியக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, இது 8 மி.மீ. மௌசர்தானே என்று 7.92 தோட்டாவை ஏற்றுவது. நீளமான .30-06 தோட்டா ஜெர்மானிய அறைக்குள் போகாது. ஆனால் குட்டையான ஜெர்மானியத் தோட்டா.30-06 அறைக்குள் போய்விட முடியும். 8.2 மி.மீ. குண்டை 7.8 மி.மீ. துளைக்குள் தள்ளும்போது எழும் அழுத்தம் போல்ட்டையும் சுடுபவர் முகத்தையும் விட்டுவைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மேல்வளையம் ஒரு தோட்டாவையும் இடப்பக்கம் இன்னொரு தோட்டாவையும் சொல்லும் துப்பாக்கி இது. அதனால் அறையில் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையை ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சை அளந்து பார்க்காமல் இவ்வகையில் ஒன்றைச் சுடுவது மடமை. போல்ட் வேறு துப்பாக்கியிலிருந்து வந்திருந்தால், போல்ட் முகத்துக்கும் அறைக்கும் இடையிலான இடைவெளியையும் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே 7.62×51 நேட்டோ தோட்டாவுக்கு மறுபடியும் குழல் மாற்றப்பட்ட நார்வே மௌசர்களும் உண்டு. எண்ணிக்கையில் அவை சிறிய பகுதி. நேட்டோ பொதுத் தோட்டாவை ஏற்றபின் அத்திட்டம் தொடங்கி, நார்வே 1964-இல் ஜி3 தானியங்கி ரைஃபிளைத் தேர்ந்து, கோங்ஸ்பெர்க் ஆலை அதை ஏஜி-3 என்ற பெயரில் 1967 முதல் செய்யத் தொடங்கிய நிலையில் அத்திட்டம் தேவையற்றுப்போனது. ஆகவே அரியது என்ற சொல்லுக்கு இக்குடும்பத்தில் மெய்யான உரிமையுள்ளவை இவைதாம். இரயில்வே, கடலோரப் பீரங்கிப்படை போன்ற சிறு அமைப்புகளின் முத்திரை உள்ளவை அடுத்து நிற்கும். வெறும் ‘ஹேர்’ முத்திரையும் .30-06 அறையும் கொண்டது நல்ல, சுவையான, வரலாறு செறிந்த துப்பாக்கி. அரிது என்று சொல்லி அதற்கு விலை ஏற்றுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

வேறு நாடுகளும் கே98கே-யைக் கைப்பற்றியோ வாங்கியோ தம்முடையதாக்கின. அவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நார்வேயின் முறை தெளிவாகும். சோவியத் பண்டகசாலைகள் குவியல்களைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, கறுப்புப் பூச்சில் முக்கி, கட்டைக்கு மினுக்கெண்ணெய் பூசி, அடுத்த போருக்கென்று பெட்டியில் அடுக்கின, தோட்டா மாறவில்லை. யூகோஸ்லாவியா பலவற்றில் ஜெர்மானியக் குறிகளை அரைத்தெடுத்துத் தன் அரசுச் சின்னத்தை அடித்தது. தோட்டா அங்கும் மாறவில்லை. இஸ்ரேல் செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வாங்கியவற்றைப் பின்னர் 7.62 நேட்டோவுக்கு மாற்றி, கட்டையில் பெரிய எழுத்தில் 7.62 என்று சுட்டுப் பொறித்தது. ஆனால் அத்தோட்டா குட்டை என்பதால் வளையத்தில் வெட்டு தேவைப்படவில்லை. பழைய குறியையும் விட்டுவைத்து, தோட்டாவையும் மாற்றி, எஃகிலும் அடையாளம் பதித்தது இவற்றுள் நார்வேதான். ஒரு துப்பாக்கி நார்வேயில் மாற்றப்பட்டது என்று நிறுவ முத்திரை, புதுக் குழல், பிறைவெட்டு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும். தென்னமெரிக்க நாடுகள் சிலவும் தங்கள் மௌசர்களை .30-06-க்கு மாற்றியபோது ஒத்த வெட்டைச் செய்தன என்பதால், வெட்டு மட்டும் இருந்து முத்திரை இல்லையென்றால் நார்வே என்று சொல்லிவிட முடியாது.

ஏஜி-3 வந்தபின் மௌசர்கள் முன்வரிசையிலிருந்து ஊர்க்காவல் படைக்கும் சேமிப்புக்கும் இறங்கின. பல, 1893 முதல் இயங்கும் தன்னார்வத் துப்பாக்கிச் சுடுவோர் அமைப்பின் வழியாகவும் பிற வழிகளிலும் குடிமக்களிடம் போய், கட்டை செதுக்கப்பட்டு, கடமான் வேட்டைக்குத் தோளேறின. கோங்ஸ்பெர்க் ஆலை இவற்றின் உடற்பகுதியை வைத்தே இலக்குச் சுடும் ரைஃபிள்களைச் செய்தது. எல்லாவற்றிலும் வியப்பானது அதற்குப் பின் நடந்தது. 1980-களின் இறுதியில் நார்வே இராணுவம் ஏற்ற என்எம்149 என்ற குறிபார்த்துச் சுடும் ரைஃபிளை வாப்பென்ஸ்மியா நிறுவனம் செய்தபோது, அதற்குக் கனமான 7.62 நேட்டோ குழலும் ஒட்டுப்பலகைக் கட்டையும் புதிதாக அமைத்து, நடுவில் ஜெர்மானியர் 1945-இல் விட்டுச்சென்ற அதே கே98கே உடற்பகுதியை வைத்தது. ஆக்கிரமிப்பாளர் கொண்டுவந்த எஃகு, அதன் பின் நாற்பதாண்டு கழித்தும், ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் குறிசுடுநர் கையில் இருந்தது.

அமெரிக்கச் சந்தைக்கு இவை வந்த வழியும் மதிப்பீட்டில் சேரும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அயல்நாட்டு இராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியது. 1980-களின் நடுவில் வந்த திருத்தம், 50 ஆண்டு கடந்த அல்லது பட்டியலில் இடம்பெற்ற சேகரிப்புப் பொருள்களுக்கு வழி திறந்தது. அவ்வகையில் வருவனவற்றின்மேல் இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட வேண்டும். 03 வகை உரிமம் பெற்ற சேகரிப்பாளர் அவற்றை மாநில எல்லை கடந்தும் நேரடியாகப் பெறலாம். துப்பாக்கி தன் இராணுவ வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை; ஓர் அரசின் படை செய்த மாற்றம் அவ்வடிவுக்குள் அடங்கும், பின்னாளில் வேட்டைக்காகச் செதுக்கியது அடங்காது. இறக்குமதிக் குறியைச் சிலர் வடுவாகக் கருதி விலை குறைப்பார்கள். எனக்கு அது வழித்தடச் சான்று. ‘1945-லேயே சிப்பாய் கொண்டுவந்தது’ என்று சொல்லப்படும் துப்பாக்கியில் குழலடியில் அது தென்பட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. தேய்த்தெடுக்க முயன்ற தடம் தெரிந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும்.

இவ்வளவையும் வைத்து, அப்படி ஒன்று விற்பனைக்கு வரும்போது நான் கேட்கும் வரிசை இது. போல்ட்டைக் கழற்றி வளையத்தின் பின்விளிம்பை நேர்மேலிருந்து எடுத்த படம் முதலில் வேண்டும். விற்பவர் துப்பாக்கியின் முழு உருவத்தைப் பத்துக் கோணத்தில் அனுப்பி இதை மட்டும் அனுப்பத் தயங்கினால் அத்தயக்கமே விடை. பிறகு இடப்பக்க எண்ணும் குழலின் எண்ணும் ஒருசேரத் தெரியும் படம். பிறகு அறையின் அச்சு அளவு. கட்டையில் வேறொரு ஜெர்மானிய எண் இருந்தால் கவலைப்பட மாட்டேன்; குவியலிலிருந்து எடுத்துப் பொருத்திய ஆலையில் அது இயல்பு. மாறாக, நார்வே முத்திரையுள்ள ரைஃபிளில் எல்லாச் சிறு பாகங்களும் ஒரே ஜெர்மானிய எண்ணோடு பளிச்சென்று பொருந்தி நின்றால், அந்தப் பொருத்தத்தை யார், எப்போது உண்டாக்கினார்கள் என்று கேட்பேன். வெட்டு இருந்து, ‘ஹேர்’ முத்திரை ஒரே அடியில் விழுந்திருந்து, அச்சு 63 மி.மீ. காட்டினால், நல்ல நார்வே மௌசருக்கான விலையைக் கொடுப்பேன். ஜெர்மானிய மௌசருக்கான விலையைக் கொடுக்கமாட்டேன். அச்சு 51 மி.மீ. காட்டி, குழல் குறியும் கோங்ஸ்பெர்க் வேலையாகத் தெரிந்தால், அப்போதுதான் அரியது என்ற சொல்லைப் பற்றி விற்பவரோடு உட்கார்ந்து பேசலாம்.